பிரவுன் பல்ப் எந்தக் கடையிலும் கிடைக்காது

சிவப்பு பல்ப் இருக்கிறது, பச்சை இருக்கிறது, நீலம் இருக்கிறது. கோயில் திருவிழாவுக்குக் கட்டும் சீரியல் செட்டில் ரோஸ் கலர்கூட உண்டு. பிரவுன் பல்ப் மட்டும் யாரும் விற்பதில்லை. விற்கவும் முடியாது. பிரவுன் என்று தனியாக ஒரு ஒளி இல்லை. மங்கலான ஆரஞ்சை, அதைவிடப் பளிச்சென்ற ஏதோ ஒன்றின் பக்கத்தில் பார்க்கும்போது நம் கண்ணும் மூளையும் சேர்ந்து உண்டாக்கிக்கொள்வதுதான் பிரவுன். பக்கத்தில் பளிச்சென்று எதுவும் இல்லையென்றால் அது ஆரஞ்சாகத் தெரியும், வெளிச்சமும் இல்லையென்றால் கருப்பாகிவிடும்.

மதுரையில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். வீட்டுச் சுவருக்கு அடர் காபி கலர் கேட்டு வருகிறவர்களை, நேரம் இருந்தால், கடைக்குப் பின்னால் இருக்கும் குடோனுக்குக் கூட்டிப் போவேன். விளக்கை அணைத்துவிட்டு, ஓட்டை போட்ட அட்டை ஒட்டிய டார்ச்சை ஒரு பிரவுன் ஷேட் கார்டின் மேல் மட்டும் விழும்படி அடிப்பேன். "இது என்ன கலர்?" என்றால் ஆரஞ்சு என்பார்கள், சிலர் செங்கல் கலர் என்பார்கள். பிறகு அந்தக் கார்டை ஒட்டினாற்போல ஒரு வெள்ளைத்தாளை அதே வெளிச்சத்துக்குள் நீட்டுவேன். கண் முன்னாலேயே கார்டு காபி கலராக இறங்கும். டார்ச் மாறவில்லை, கார்டும் மாறவில்லை.

இதைப் பார்த்துவிட்டால் அப்புறம் பேச்சு சுலபம். நான் டப்பாவில் கொடுப்பது பாதி நிறம்தான். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது, அதன்மேல் என்ன வெளிச்சம் விழுகிறது என்பதில் இருக்கிறது மீதி. வெள்ளைக்கும் சந்தனக் கலருக்கும் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. அவை எந்த வீட்டிலும் ஒப்பேற்றிவிடும். பிரவுன் அப்படி ஒப்பேற்றாது.

இப்போது கேட்டு வருகிறவர்கள் அதிகம். 2025ஆம் ஆண்டின் நிறம் என்று அமெரிக்காவின் பான்டோன் நிறுவனம் 'மோக்கா மூஸ்' என்ற பிரவுனை அறிவித்தது. அது தூக்கலாகப் பால் விட்ட காபி. நம் ஆட்கள் போனில் எடுத்துக்கொண்டு வந்து காட்டுவது அதைவிட நாலு படி அடர்த்தி. "அண்ணே, இந்தப் போட்டோவுல இருக்கிற மாதிரியே வேணும்" என்பார்கள். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சுவரை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பார்க்கச் சொல்வேன். ஆள் உயரத்துக்கு ஜன்னல், அதைச் சுற்றி வெள்ளை மரச்சட்டம், வெளிர் மரத்தரை, மூலைக்கு ஒரு மேசை விளக்கு, பித்தளை பிரேம் போட்ட படம். அந்தப் பிரவுனைப் பிரவுனாகக் காட்டுவது இவைதான். நம் வீடு எப்படி? பத்துக்குப் பன்னிரண்டு அறை. கம்பி போட்ட ஒரு ஜன்னல், அதில் கொசுவலை, அதன்மேல் திரை, மூன்றடி தள்ளிப் பக்கத்து வீட்டுக்காரர் சுவர். உச்சியில் ஒற்றை டியூப் லைட். அங்கே அதே டப்பாவை அடித்தால் போட்டோவில் உள்ளது வராது.

ஆகவே கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் ஷேட் நம்பரைக் கேட்பதில்லை, லைட்டைக் கேட்கிறேன்.

நம் வீடுகளில் முக்கால்வாசி ஓடுவது 6500 கெல்வின் வெள்ளை எல்இடி. அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை. கண்ணுக்குச் சுறுசுறுப்பாக இருக்கும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு நல்லது. பிரவுனுக்கு ஆகவே ஆகாது. அந்த ஒளியில் நீலம் தூக்கல், சிவப்பும் மஞ்சளும் குறைவு. பிரவுனின் உயிரோ சிவப்பிலும் மஞ்சளிலும்தான். மத்தியானம் நன்றாக இருந்த சுவர், ராத்திரி டியூப் லைட்டைப் போட்டதும் சேறு பூசினது போல் ஆவது இதனால்தான். 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் ஒளிக்கு மாற்றினால் அதே சுவர் எழுந்து உட்காரும். பழைய குண்டு பல்பின் ஒளி கிட்டத்தட்ட அதுதான். பெட்டியில் சிஆர்ஐ என்று இன்னொரு எண்ணும் இருக்கும். 100 என்றால் நிறங்களை உள்ளபடி காட்டுகிறது என்று பொருள். 80 போதும் என்று விற்பார்கள். மலிவான எல்இடியில் அடர் சிவப்பு ரொம்பக் குறைவாக இருக்கும், பிரவுன் சுவரில் அந்தக் குறை அப்படியே தெரியும். 90க்கு மேல் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பெயிண்டில் லிட்டருக்கு நூறு ரூபாய் மிச்சம் பிடித்து அந்தக் காசை பல்பில் போட்டாலும் தப்பில்லை என்று நான் சொல்வேன். பெயிண்ட் விற்கிற நானே சொல்கிறேன்.

அடுத்தது விளக்கின் இடம். டியூப் லைட்டைப் பிரவுன் சுவரிலேயே மாட்டியிருந்தால் கண்ணில் அடிக்கிற வெளிச்சமும் பின்னால் இருக்கிற இருட்டும் மோதி, சுவர் இன்னும் கருத்துப் போகும். எதிர்ச் சுவரிலோ கூரையிலோ இருக்க வேண்டும். ஜன்னலுக்கும் இதே கதைதான். ஜன்னல் இருக்கும் சுவர்மேல் அந்த ஜன்னலின் வெளிச்சம் விழாது. அங்கே பிரவுன் அடித்தால் பகலில் ஜன்னல் மட்டும் கூசும், சுற்றிலும் கருப்பு. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரையோ பக்கவாட்டுச் சுவரையோ எடுங்கள். ஒரே ஒரு சுவருக்கு அடிக்கிறவர்கள் இதைக் கவனித்தாலே பாதி வெற்றி. சோபாவுக்குப் பின்னால், டிவிக்குப் பின்னால் என்று கணக்குப் போடுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

நான்கு சுவருக்கும் அடிக்கலாமா? அடிக்கலாம், ஆனால் கணக்குத் தெரிந்து அடிக்க வேண்டும். வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அறைக்குள் திருப்பி அனுப்பும். அடர் பிரவுன் பத்துக்கும் குறைவாகவே அனுப்பும், மீதியை விழுங்கிவிடும். அதனால் ஒற்றை விளக்கால் அறை முழுவதையும் நிரப்பும் பழக்கம் அங்கே செல்லாது. படிக்கிற இடத்தில் ஒன்று, உட்காருகிற இடத்தில் ஒன்று என்று விளக்குகளைப் பிரித்து வைக்க வேண்டியிருக்கும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தன் புத்தக அறைக்கு நான்கு சுவரும், கதவும் உட்பட, ஒரே அடர் பிரவுன் கேட்டார். சின்ன அறை, ஜன்னல் நடைபாதையைப் பார்த்தது. அவர் மகன் பயந்தார். "சின்ன ரூம்ணே. வெள்ளை அடிச்சாத்தானே பெருசாத் தெரியும்?" எல்லோரும் சொல்வது அதைத்தான். வெள்ளைக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பத் தெரியுமே தவிர, உண்டாக்கத் தெரியாது. வெளிச்சமே வராத அறையில் வெள்ளைச் சுவர் அழுக்குச் சாம்பலாகத்தான் தெரியும். அப்படிப்பட்ட அறையில் அடர் நிறம் அடித்தால் மூலைகள் மறைந்துவிடும், சுவர் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. அந்த அறைக்கு அது சரி என்றேன். கூரையை மட்டும் வெள்ளையாக விடச் சொன்னேன், பக்கத்தில் பளிச்சென்று ஏதாவது ஒன்று வேண்டுமே. சார் இப்போது சாயங்காலம் ஆறு மணிக்கு மேசை விளக்கைப் போட்டால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருகிறாராம். அவர் வீட்டு அம்மா அடிக்கடி போன் போட்டு என்னைத்தான் திட்டுகிறார்கள்.

ஹாலில் நான்கு சுவரையும் நான் ஆதரிப்பதில்லை. புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று அதற்குத்தான் வந்தது, கூடவே மாமியாரும். சாம்பிள் அடித்த பலகையைப் பார்த்து அந்த அம்மா சொன்னது: "விளக்கு வச்சா வீடு வெளிச்சமா இருக்கணும் தம்பி. இது கெணத்துக்குள்ள உக்காந்த மாதிரியில்ல இருக்கு." மருமகளுக்கு முகம் சுண்டிவிட்டது. நான் அத்தை பக்கம்தான் பேசினேன். ஹால் என்பது பகலெல்லாம் ஆள் வந்து போகிற இடம், அரிசி புடைக்கிறார்கள், பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுகிறது, பூக்காரம்மா வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறார். ஒரு சுவர் போதும் என்று முடிவாயிற்று. அதில் அத்தை வீட்டுத் தஞ்சாவூர் ஓவியத்தை மாட்டினார்கள். தங்க ரேக்கு ஒட்டிய படத்துக்கு அடர் பிரவுனை விட நல்ல பின்னணி கிடையாது. வெள்ளைச் சுவரில் அந்தத் தங்கம் மஞ்சளாகத் தெரியும், பிரவுனில் தங்கமாகவே தெரியும். இப்போது வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அந்தச் சுவரைக் காட்டுவது அத்தைதான் என்று கேள்வி.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். டின்டிங் மிஷினில் நிறம் கலக்க வரும் பெயிண்டுக்கு 'பேஸ்' என்று பெயர். வெளிர் நிறங்களுக்கான பேஸில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி நிறைய இருக்கும். அடர் நிற பேஸில் அது கிட்டத்தட்ட இருக்காது. கலர் சேர்க்காமல் அதைச் சுவரில் பூசினால் காய்ந்ததும் அடியில் இருப்பது தெரியும். ஒரு லிட்டர் டப்பாவில் 900 மில்லி அளவுக்குத்தான் பேஸ் இருக்கும், மிச்ச இடம் கலருக்கு. அடர் பிரவுனுக்கு அதில் இறங்குபவை மூன்று: இரும்புத் துருச் சிவப்பு, இரும்புத் துரு மஞ்சள், கருப்பு. நம் ஊர்க் காவிக்கல்லில் இருப்பதும் அதே இரும்பு ஆக்சைடுதான். பழைய வீடுகளின் ரெட் ஆக்சைடு தரையிலும், ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பிலும் அதுதான். அப்பா காலத்தில் கடையில் சுண்ணாம்பும் நீலமும் காவியும் சாக்கில் இருக்கும். பொங்கலுக்கு முன்னால் தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டுவோம். இப்போது மிஷின் மில்லி கணக்கில் சொட்டு விடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இரும்பு ஆக்சைடுக்கு ஒரு குணம் உண்டு. வெயிலுக்கு வெளுக்காது, சிமென்டின் காரத்துக்கும் அசையாது, அடியில் இருப்பதை நன்றாக மூடும். பளிச் சிவப்பும் எலுமிச்சை மஞ்சளும் அடிக்க மூன்று நான்கு கோட் கேட்கும், பிரவுன் இரண்டிலேயே மூடிவிடும். முன்பெல்லாம் இந்த நிறத்துக்கு எங்கெங்கோ போயிருக்கிறார்கள். சைப்ரஸ் தீவில் மாங்கனீஸ் கலந்த ஒரு மண், இத்தாலியில் சியெனா ஊர் மண். ஐரோப்பிய ஓவியர்கள் எகிப்து மம்மிகளை அரைத்துச் செய்த ஒரு பிரவுனைக்கூட நூற்றாண்டுக்கணக்கில் வாங்கித் தீட்டியிருக்கிறார்கள். அந்த நிறம் உண்மையிலேயே மம்மியால் ஆனது என்று தெரிந்ததும், எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் என்ற ஆங்கில ஓவியர் தன்னிடமிருந்த டியூபைத் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்.

மூன்று நிறமியில் எது தூக்கல் என்பதைப் பொறுத்துப் பிரவுன் மாறும். சிவப்பு தூக்கினால் மரூன் பக்கம் சாயும், மஞ்சள் தூக்கினால் புளி நிறம், கருப்பு தூக்கினால் டிக்காஷன். ஷேட் கார்டின் சின்னக் கட்டத்தில் இந்தச் சாய்வு தெரியாது, சுவரில் தெரியும். தரை ரெட் ஆக்சைடு என்றால் சிவப்புப் பிரவுனைத் தவிர்த்துவிடுங்கள், இரண்டும் ஒன்றையொன்று மங்கடிக்கும். தேக்குக் கதவு இருந்தால் சுவர் அந்த மரத்தைவிட நன்றாக அடர்ந்திருக்க வேண்டும். மரமும் சுவரும் ஒரே அடர்த்தியில் இருந்தால் தேக்கு பிளைவுட்டாகத் தெரியும். பர்மா தேக்குத் தூண் நிற்கிற செட்டிநாட்டு வீட்டுக்கு ஒருவர் பிரவுன் கேட்டபோது நானே வேண்டாம் என்று சுண்ணாம்பு வெள்ளை வாங்க வைத்தேன். அந்த வீட்டில் பிரவுன் ஏற்கெனவே தூணாக நிற்கிறது, அதற்கு வெள்ளைதான் வேண்டும். ஐவரி கலர் டைல்ஸ் போட்ட புது பிளாட்டுக்குத்தான் அடர் பிரவுன் சுவர் அதிகம் பொருந்துகிறது. பளிச்சென்ற பக்கத்துத் துணை காலடியிலேயே இருக்கிறதே.

இனி மேஸ்திரி வேலை. அடர் நிறம் சுவரின் மேடு பள்ளத்தைச் சும்மா விடாது. பட்டி பார்த்தது அலை அலையாக இருந்தால் வெள்ளையில் தெரியாதது பிரவுனில், அதுவும் பளபளப்பு வகையில், பக்கவாட்டு வெளிச்சம் பட்டதும் முழுக்கத் தெரியும். ஆகவே பட்டி காய்ந்ததும் கையில் விளக்கைப் பிடித்துச் சுவரோடு ஒட்டி அடித்துப் பார்த்து, உப்புத்தாள் போடச் சொல்லுங்கள். பிரைமரில் கொஞ்சம் பிரவுன் கலந்து அடித்தால் மேல் கோட் சீராக விழும். ஈரத்தில் கலர் வெளிறித்தான் இருக்கும், காய்ந்தால்தான் அடர்த்தி வரும். பாதிச் சுவர் அடித்ததும் "கலர் தப்பாக் குடுத்துட்டீங்க" என்று கடைக்கு வருகிறவர்களை டீ குடிக்க வைத்து உட்கார்த்திவிடுவேன். டீ முடிந்து வீட்டுக்குப் போவதற்குள் கலர் வந்திருக்கும்.

மேட் எடுப்பதா, பளபளப்பு எடுப்பதா? மேட்தான் அழகு, ஒளியைச் சிதறடித்து, சுவரில் விளக்கு மின்னாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் முழு மேட்டில் நாற்காலி உரசினால் வெள்ளைக் கோடு விழும், துணியால் அழுத்தித் துடைத்தால் அந்த இடம் மட்டும் மினுங்கும். அதனால் நான் கொடுப்பது லேசான மினுமினுப்புள்ள வகை. நம் வீடுகளில் இன்னொன்று உண்டு. திண்ணையிலும் ஹாலிலும் தரையில் உட்கார்ந்து எண்ணெய்த் தலையைச் சுவரில் சாய்ப்போம். வெள்ளைச் சுவரில் அந்த வட்டம் எவ்வளவு சுண்ணாம்பு அடித்தாலும் மேலே வரும். பிரவுனில் மறைந்துவிடும் என்று நினைப்பார்கள். கறை மறையும், மினுக்கு மறையாது. பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் சுவரின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் பிரவுன் ஆயில் பெயிண்ட் அடித்து வைத்தவர்கள் விவரமானவர்கள். கை படும் உயரம், முதுகு சாயும் உயரம், கழுவிவிடலாம். வீட்டு வராண்டாவுக்கு அந்தப் பழைய யோசனையை நான் இப்போதும் சொல்கிறேன்: கீழே மூன்றரை அடி அடர் பிரவுன், மேலே வெள்ளை. வெள்ளையும் பக்கத்தில் வந்துவிடுகிறது, வெளிச்சமும் குறையாது.

விளக்குப் புகை படியும் பூஜை அலமாரியின் பின்புறத்துக்கும் பிரவுன் ரொம்ப நல்லது. கரி தெரியாது, குத்துவிளக்கு எடுப்பாகத் தெரியும். ஓதம் ஏறும் சுவருக்கு மட்டும் கண்டிப்பாக வேண்டாம். உப்புத் தண்ணீரில் கட்டிய வீடுகளில் உப்பு பூக்கும். வெள்ளைச் சுவரில் அதை யாரும் பார்ப்பதில்லை, பிரவுனில் ஒவ்வொரு பூவும் தெரியும். முதலில் ஓதத்தைச் சரிசெய்யுங்கள், ஒரு மழைக்காலம் போகட்டும், பிறகு கலரைப் பற்றிப் பேசலாம். சூடு ஏறுமா என்றும் கேட்கிறார்கள். வெளிச்சுவருக்கு அடித்தால் மேற்கு வெயிலில் நிச்சயம் ஏறும். உள்ளே நேர் வெயில் படாத சுவருக்கு வித்தியாசம் ஒன்றும் இருக்காது. கொசு உட்கார்ந்தால் தெரியவே இல்லை, அடிக்க முடியவில்லை என்று ஒருவர் புகார் சொன்னார், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வாங்குமுன் ஒரு லிட்டர் மட்டும் கலக்கி, சுவரில் அடிக்காமல் இரண்டுக்கு மூன்றடி பிளைவுட் துண்டில் இரண்டு கோட் அடித்துக்கொள்ளுங்கள். சுவரில் அடித்தால் சுற்றியுள்ள பழைய கலர் கண்ணை ஏமாற்றும், இடம் மாற்றியும் பார்க்க முடியாது. பலகையைக் காலையில் ஜன்னலுக்கு எதிரே வையுங்கள், சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் மூலையில் வையுங்கள், ராத்திரி உங்கள் வீட்டு லைட்டில் பாருங்கள். பக்கத்தில் கதவு நிறம், திரைத்துணி, பித்தளைச் செம்பு என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். சுவிட்ச் போர்டை மறக்காதீர்கள். பிரவுன் சுவரில் முதலில் கண்ணில் குத்துவது வெள்ளை சுவிட்ச் போர்டுதான், அதற்கு அடர் நிறப் பிளேட் தனியாகக் கிடைக்கிறது. பன்னிரண்டடி நீளம், பத்தடி உயரச் சுவர் ஒன்றுக்கு இரண்டு லிட்டர் வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியதை எறிய வேண்டாம். டச்சப் பண்ண அதே கலவை வேண்டும், அதையும் பிரஷ்ஷால் ஒற்றாமல் முதலில் அடித்த அதே ரோலரால் அடிக்க வேண்டும். இல்லையென்றால் ஒட்டுப் போட்டது தெரியும். மூடியில் ஷேட் நம்பரையும் தேதியையும் எழுதி வையுங்கள்.

வாடகை வீட்டுக்காரர்கள் கடைசியாகக் கேட்பது ஒன்று உண்டு: காலி பண்ணும்போது ஹவுஸ் ஓனர் வெள்ளை அடித்துத் தரச் சொன்னால்? முடியும். ஆனால் பிரவுன் மேல் நேராக வெள்ளையை அடித்தால் எத்தனை கோட் போனாலும் அடியிலிருந்து தெரிந்துகொண்டே இருக்கும். லேசாக உப்புத்தாள் போட்டு, வெள்ளை பிரைமர் ஒரு கோட், தேவைப்பட்டால் இரண்டு, அதற்கு மேல் எமல்ஷன் இரண்டு கோட். பிரவுன் அடிக்க ஆனதைவிடக் கூடுதலாகவே செலவாகும். அட்வான்ஸில் பிடிப்பார்களா என்பதை அடிக்கிறதுக்கு முன்னாலேயே கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள், டப்பாவைத் திறக்கிறேன்.